தாய்லாந்தில் ஓய்வுக்காலம்: விமானம் ஏறும் முன் போட வேண்டிய கணக்குகள்

ஐம்பது வயது நிறைந்திருக்க வேண்டும், வங்கியில் 8 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்) இருக்க வேண்டும். தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிப்பதைப் பற்றிய காணொளிகள் பெரும்பாலும் இந்த இரண்டைச் சொல்லிவிட்டு வீட்டு வாடகைக்கும் இளநீர் விலைக்கும் தாவிவிடுகின்றன. ஆனால் அந்த 8 லட்சத்தை எத்தனை மாதம் தொடக் கூடாது என்ற விதி 2019இல் இறுகியது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கான வரி விதி 2024 ஜனவரியில் மாறியது. லண்டனிலும் டொராண்டோவிலும் பணி ஓய்வு பெற்றுக் குளிருக்குப் பயந்து இடம் தேடுகிறவர்களும், சென்னையிலிருந்து மூன்றரை மணி நேர விமானப் பயணம்தானே என்று யோசிக்கிறவர்களும் குழம்புவது இந்த இடங்களில்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மனத்தில் இருத்த வேண்டிய ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற வெளிநாட்டவருக்குத் தாய்லாந்து பொதுவாகக் கொடுப்பது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை அல்ல, ஓராண்டு தங்கும் அனுமதி. 65 வயதில் போய் 85 வயது வரை அங்கே இருக்க நினைப்பவர் அதை இருபது தடவை வாங்க வேண்டும். வீடு, வைத்தியம், வரி, உயில் எல்லாமே இந்த ஓராண்டு அனுமதியின் மேல்தான் நிற்கின்றன. அதனால் மற்ற எந்தக் கேள்விக்கும் முன்னால் அனுமதியைப் புரிந்துகொள்வது நல்லது.

விசா வேறு, தங்கும் அனுமதி வேறு

விசா என்பது நாட்டுக்குள் நுழைய உதவும் சீட்டு. நுழைந்த பிறகு எத்தனை நாள் இருக்கலாம் என்று பாஸ்போர்ட்டில் குத்தும் தேதிதான் தங்கும் அனுமதி. அந்தத் தேதியைத் தள்ளிப்போடுவது நீட்டிப்பு. ‘ஓய்வுக்கால விசா’ என்று பேச்சுவழக்கில் சொல்வது உண்மையில் இந்த நீட்டிப்பைத்தான். போகும் வழிகள் நான்கு:

1. நான்-இமிகிரண்ட் ஓ என்ற விசா. முதலில் 90 நாள் கிடைக்கும். அது முடிவதற்குள் குடிவரவு அலுவலகத்தில் ஓராண்டு நீட்டிப்பு வாங்க வேண்டும். கட்டணம் 1,900 பாட். சுற்றுலாவாகப் போனவர் உள்ளே இருந்தபடியே இதற்கு மாறலாம், அனுமதியில் குறைந்தது 15 நாளாவது மீதமிருந்தால். இந்த வழியில் மருத்துவக் காப்பீடு கட்டாயமில்லை.

2. நான்-இமிகிரண்ட் ஓ-ஏ என்ற விசா. புறப்படும் முன்பே தாய்லாந்துத் தூதரகம் வழியாக வாங்குவது. காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, மருத்துவக் காப்பீடு மூன்றும் வேண்டும். 2019 அக்டோபர் 31 முதல் காப்பீடு கட்டாயம்; ஓ-ஏ வழியாக வந்தவர் உள்ளே நீட்டிப்புக் கேட்கும்போதும் அது தொடரும். காப்பீட்டுத் தொகையின் அளவு அதன்பின் மாற்றப்பட்டிருக்கிறது. விண்ணப்பிக்கும் வாரத்தில் தூதரகத்தின் பட்டியலைப் பார்த்து அதற்கேற்ற காப்பீட்டை வாங்க வேண்டும்.

3. எல்டிஆர் எனப்படும் பத்தாண்டு விசா, 2022 செப்டம்பரில் வந்தது. ஓய்வுபெற்றவருக்கான பிரிவில் ஓய்வூதியம், வட்டி, வாடகை போன்ற வருமானம் ஆண்டுக்கு 80,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். 40,000 டாலருக்குக் குறையாமல் இருந்தால் தாய்லாந்தில் 2,50,000 டாலர் முதலீட்டையும் சேர்த்துக் காட்டலாம்.

4. தாய்லாந்து பிரிவிலேஜ் என்ற கட்டண உறுப்பினர் திட்டம். பல லட்சம் பாட் கட்டி, சில ஆண்டுகள் தங்கும் வசதியை வாங்குவது. அந்தப் பணம் வைப்புத்தொகை அல்ல, செலவு.

பெரும்பாலோருக்குப் பொருந்துவது முதல் வழிதான். காப்பீட்டு நிறுவனங்கள் நிராகரித்த 70 வயதுக்காரருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது என்பது அதன் வசதி. அவர் காப்பீடே இல்லாமல் முதுமையைக் கழிக்கத் துணிகிறார் என்பது அதன் ஆபத்து. ஓய்வுக்கால அனுமதியில் இருப்பவர் வேலை பார்க்கக் கூடாது. சம்பளமில்லாமல் பள்ளியில் பாடம் சொல்லித் தருவதற்கும் வேலை அனுமதி தேவைப்படலாம்.

8 லட்சம் பாட்: எப்போது இருக்க வேண்டும், எப்போது எடுக்கலாம்

ஓராண்டு நீட்டிப்புக்குப் பணத்தை மூன்று விதமாகக் காட்டலாம்: தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம், அல்லது ஆண்டு வருமானமும் வைப்பும் கூட்டி 8 லட்சம்.

வைப்பு முறையில் 2019 மார்ச் முதல் உள்ள நிபந்தனை இது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் 2 மாதம் 8 லட்சம் இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் 3 மாதம் அப்படியே இருக்க வேண்டும். மீதி மாதங்களில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஒரு நாட்காட்டியில் வைத்துப் பார்ப்போம். ஒருவரின் அனுமதி ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30இல் முடிகிறது, செப்டம்பர் 10இல் விண்ணப்பிக்கிறார் என்று கொள்வோம். ஜூலை 10க்கு முன்பே கணக்கில் 8 லட்சம் நிற்க வேண்டும். செப்டம்பரில் அனுமதி கிடைத்தால் டிசம்பர் பாதி வரை தொடக் கூடாது. அதன்பின் 4 லட்சத்தை எடுத்துச் செலவழிக்கலாம், ஆனால் ஜூலை தொடங்குமுன் திரும்ப நிரப்ப வேண்டும். ஆக, பாதிப் பணம் அங்கே இருக்கும் வரைக்கும் முடங்கிக் கிடக்கிறது. மறு பாதி ஆண்டில் ஏறக்குறைய ஆறரை மாதம்தான் கைக்கு வருகிறது. இதை ‘ஆபத்துக்கு உதவும் பணம்’ என்று கணக்கில் எழுதியவர்கள் ஏமாந்துபோவது இங்கேதான். அக்டோபரில் மாரடைப்பு வந்தால் அந்த 8 லட்சத்தைத் தொட்ட கணத்திலேயே அடுத்த ஆண்டின் நீட்டிப்பு ஆட்டம் காண்கிறது. மருத்துவத்துக்கான பணம் இதற்கு வெளியே, தனியாக இருக்க வேண்டும்.

கவுண்ட்டரில் விண்ணப்பம் திரும்பி வருவதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மிகச் சிறியவை. கணக்கில் சரியாக 8,00,000 போட்டு வைத்தவருக்கு ஏடிஎம் அட்டையின் ஆண்டுக் கட்டணம் சில நூறு பாட் கழிந்து தொகை எல்லைக்குக் கீழே போய்விடும். பாஸ்புக்கில் ஒரே ஒரு வரிதான், ஆனால் அதிகாரி முதலில் பார்ப்பதும் அந்த வரியைத்தான். 20,000 பாட் கூடுதலாகப் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. விண்ணப்பிக்கும் நாள் காலையில் வங்கிக்குப் போய் 100 பாட் கட்டி, பாஸ்புக்கில் அன்றைய தேதியில் ஒரு வரி பதிய வைத்து, வங்கிக் கடிதத்தையும் அன்றே வாங்கி, நகலெடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டுக் கொண்டுபோவது நல்ல வழக்கம். கணக்கு விண்ணப்பதாரர் ஒருவர் பெயரில் மட்டும் இருக்கட்டும். கணவன் மனைவி கூட்டுக் கணக்கைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை.

மாத வருமான முறை கேட்க எளிது. அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியத் தூதரகங்கள் வருமானச் சான்றுக் கடிதம் தருவதை 2019 தொடக்கத்தோடு நிறுத்திவிட்டதால், அந்நாட்டவர்கள் 12 மாதமும் 65,000 பாட்டுக்குக் குறையாமல் வெளிநாட்டிலிருந்து வந்து விழுந்ததை வங்கிப் பதிவால் காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு மாதம் 64,800 விழுந்தாலும் சிக்கல். இன்னொன்று: சில இணையவழிப் பரிமாற்றச் சேவைகள் அனுப்பும் பணம் தாய்லாந்து வங்கியில் உள்நாட்டு வரவாகப் பதிவாகும். முதல் மாதமே பாஸ்புக்கில் வெளிநாட்டு வரவுக்கான குறியீடு விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பன்னிரண்டாம் மாதம் கண்டுபிடித்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அனுமதியைப் பறிக்கும் சின்னச் சின்னத் தவறுகள்

1. மறுநுழைவு அனுமதி. ஓராண்டு நீட்டிப்பை வைத்துக்கொண்டு, பேரப்பிள்ளையைப் பார்க்க ஊருக்குப் புறப்படுகிறவர் மறுநுழைவு அனுமதி வாங்காமல் விமானம் ஏறினால், எல்லை தாண்டிய நொடியில் நீட்டிப்பு ரத்தாகிவிடும். ஒரு தடவைக்கு 1,000 பாட், பல தடவைக்கு 3,800 பாட். குடிவரவு அலுவலகத்திலும் முக்கிய விமான நிலையங்களிலும் வாங்கலாம். சாவு வீட்டுக்கு அவசரமாகக் கிளம்பும்போதுதான் இது மறந்துபோகும். அதனால் நீட்டிப்பு வாங்கும் அன்றே பல தடவைக்கான அனுமதியையும் வாங்கி வைப்பவர்கள் புத்திசாலிகள்.

2. 90 நாள் அறிவிப்பு. தொடர்ந்து 90 நாள் தங்கினால் முகவரியை அறிவிக்க வேண்டும். கெடு நாளுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்பு வரை நேரில் செய்யலாம். இணையத்தில் என்றால் கெடு நாளுக்கு முன்பே செய்துவிட வேண்டும். தவறினால் 2,000 பாட் அபராதம். நாட்டை விட்டுப் போய் வந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இது அனுமதியை நீட்டிப்பதில்லை. இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாந்தவர்கள் உண்டு.

3. டிஎம்30. வெளிநாட்டவர் தங்கும் வீட்டின் சொந்தக்காரர் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டிய அறிவிப்பு. கடமை அவருடையது என்றாலும், அந்தச் சீட்டு இல்லாமல் நீட்டிப்பு நகராது. வாடகை ஒப்பந்தம் எழுதும் முன்பே ‘டிஎம்30 போட்டுத் தருவீர்களா’ என்று கேட்டுவிட வேண்டும். தயங்குகிற வீட்டுக்காரரை விட்டு வேறு வீடு பார்க்கலாம்.

4. காலம் கடந்து தங்குதல். நாளொன்றுக்கு 500 பாட், உச்ச அளவு 20,000. 90 நாளுக்கு மேல் போனால், தானாக வந்து வெளியேறினாலும் ஓராண்டு உள்ளே வரத் தடை. பிடிபட்டால் குறைந்தது 5 ஆண்டு.

கணவன், மனைவி: ஒருவர் போனபின் மற்றவர்

தம்பதியில் ஒருவர் 8 லட்சம் காட்டி ஓய்வுக்கால நீட்டிப்பு வாங்கினால், மற்றவர் அவரைச் சார்ந்தவராக நீட்டிப்புப் பெறலாம். 50 வயது ஆகாத மனைவிக்கும் இது பொருந்தும். தேவைப்படுவது முறையாகச் சான்றளித்து, தாய்லாந்து மொழியில் பெயர்த்த திருமணச் சான்றிதழ். பல மூத்த தம்பதிகளிடம் திருமணப் பதிவே இருக்காது. கோயிலில் நடந்த கல்யாணத்துக்குப் பத்திரிகையும் படமும்தான் மிஞ்சியிருக்கும். ஊரில் இருக்கும்போதே பதிவு செய்துகொள்ள வேண்டிய வேலை இது.

ஆனால் சார்ந்தவரின் அனுமதி முதன்மையானவரின் அனுமதியில் தொங்குகிறது. அவர் இறந்தால் இவருடைய அடிப்படையும் போய்விடும். வங்கிக் கணக்கு இறந்தவர் பெயரில் முடக்கப்பட்டிருக்கும். துக்கத்தின் நடுவே புதிதாக 8 லட்சம் பாட் தன் பெயரில் தேட வேண்டிவரும். கணக்கில் வசதி இருந்தால் இருவரும் தனித்தனியே 8 லட்சம் வைத்துத் தனித்தனி அனுமதி வாங்குவதே மேல். அது முடியாதென்றால், தனித்து விடப்படுகிறவர் எந்த நாட்டுக்குத் திரும்புவார், யார் வீட்டில் இருப்பார் என்பதை இருவரும் இருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். பேசக் கூசுகிற விஷயம்தான். ஆனாலும் பேசாமல் போகக் கூடாது.

ஓய்வூதியம் எந்த நாட்டிலிருந்து வருகிறது?

பிரிட்டன்: அரசு ஓய்வூதியம் தாய்லாந்துக்கு வரும், ஆனால் உயராது. பிரிட்டனில் இருப்பவருக்கு ஆண்டுதோறும் ஏறும் தொகை, இங்கே வந்தவருக்கு வந்த நாளின் அளவிலேயே உறைந்துவிடும். இந்தியா, இலங்கை, மலேசியா, கனடா, ஆஸ்திரேலியாவிலும் இதே நிலைதான். வெப்பமண்டல நாடுகளிலேயே பிலிப்பைன்ஸிலும் மொரிஷியஸிலும் உயர்வு கிடைக்கும், ஏனென்றால் அவற்றோடு அதற்கான ஒப்பந்தம் உண்டு. வாரம் 200 பவுண்டில் உறைந்தவருடைய நிலையைப் பாருங்கள்: ஆண்டுக்கு 3 விழுக்காடு உயர்வு என்று வைத்தாலும் 20 ஆண்டில் அது 361 பவுண்டாகியிருக்கும். பிரிட்டனுக்கே திரும்பிக் குடியேறினால் அன்றைய முழு அளவுக்கு மீண்டும் ஏறும். விடுபட்ட ஆண்டுகளுக்கான பாக்கி வராது.

கனடா: முதியோர் பாதுகாப்பு ஓய்வூதியத்தை வெளிநாட்டில் தொடர்ந்து பெற, 18 வயதுக்குப் பின் 20 ஆண்டு கனடாவில் வசித்திருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் அகதியாகப் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களில் பலருக்கு இந்த 20 ஆண்டுக் கணக்குதான் முக்கியம். குறைந்த வருமானம் உள்ளோருக்கான கூடுதல் தொகை, 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும்.

ஆஸ்திரேலியா: வெளிநாட்டில் 26 வாரம் கழிந்த பிறகு, வேலை பார்க்கும் வயதில் 35 ஆண்டு அங்கே வாழ்ந்திராதவருக்கு, வாழ்ந்த ஆண்டுகளின் விகிதத்துக்கு ஏற்ப ஓய்வூதியம் குறையும்.

இந்தியா: வெளிநாட்டிலேயே வாழப் போகிறவர் தம் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்காக மாற்ற வேண்டும். அதன் வட்டிக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வரி பிடித்தமாகும். இந்தியாவில் குடியிருப்பவராக இருக்கும்போது ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பும் பகுதிக்கு வங்கி 20 விழுக்காட்டை டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியாகப் பிடிக்கும். ஒரு பாட் 2.50 ரூபாய் என்றால் 8 லட்சம் பாட்டுக்கு 20 லட்சம் ரூபாய். அதை ஒரே ஆண்டில் அனுப்ப இன்னும் 2 லட்சம் கையில் வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டலாம், ஆனால் மாதங்கள் ஆகும். நவம்பர் மாத உயிர்வாழ்ச் சான்றிதழை மறக்க வேண்டாம். இந்திய சிம் கார்டை ரோமிங்கில் உயிரோடு வைத்திருப்பதும் அவ்வளவே முக்கியம். ஓடிபி வராவிட்டால் சொந்தப் பணத்துக்கே கதவு சாத்திக்கொள்ளும்.

நாணய மாற்று இவை எல்லாவற்றின் மேலும் அமர்ந்திருக்கிறது. 2000களின் நடுவில் ஒரு பவுண்டுக்கு 70 பாட்டுக்கு மேல் கிடைத்தது. 2016க்குப் பிறகு 45க்குக் கீழேயும் இறங்கியது. உறைந்த ஓய்வூதியத்தோடு இதையும் சேர்த்துச் சுமந்தவர்கள் பலர் ஊர் திரும்பினார்கள். மாதச் செலவுத் திட்டத்தை இன்றைய மாற்று விகிதத்தில் போடாமல், அதில் நாலில் ஒரு பங்கைக் குறைத்துப் போட்டுப் பாருங்கள். அப்போதும் வண்டி ஓடினால் போகலாம்.

வரி: 180 நாளும் 2024 ஜனவரியும்

ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தாய்லாந்தில் இருப்பவர் வரிக் குடியிருப்பாளர். முன்பு, வெளிநாட்டில் சம்பாதித்த ஆண்டு கழிந்து அடுத்த ஆண்டில் பணத்தைக் கொண்டுவந்தால் வரி இல்லை. 2024 ஜனவரி 1 முதல் அந்த வழி அடைபட்டது. அந்தத் தேதிக்குப் பின் சம்பாதித்த வெளிநாட்டு வருமானத்தை எந்த ஆண்டில் உள்ளே கொண்டுவந்தாலும் வரிக்கு உட்படும். அதற்கு முன்பே சம்பாதித்துச் சேர்த்த பணத்துக்கு விலக்கு உண்டு. ஆகவே 2023 டிசம்பர் 31ஆம் தேதியின் வங்கி இருப்பைக் காட்டும் அறிக்கையை எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும். பழைய சேமிப்பைத் தனிக் கணக்கிலும் புதிய ஓய்வூதியத்தை வேறு கணக்கிலும் வைத்தால், எது எந்தப் பணம் என்று பின்னால் விளக்குவது சுலபம்.

தொகை எவ்வளவு என்று பார்ப்போம். 67 வயதானவர் ஓராண்டில் 8 லட்சம் பாட் ஓய்வூதியத்தை உள்ளே கொண்டுவருகிறார், வேறு வருமானம் இல்லை.

1. செலவுக் கழிவு 1,00,000, மீதி 7,00,000.
2. தனிநபர் கழிவு 60,000, மீதி 6,40,000.
3. 65 வயது நிறைந்தோருக்கான விலக்கு 1,90,000, மீதி 4,50,000.
4. முதல் 1,50,000க்கு வரி இல்லை. அடுத்த 1,50,000க்கு 5 விழுக்காடு, 7,500. அதற்கடுத்த 1,50,000க்கு 10 விழுக்காடு, 15,000.

மொத்தம் 22,500 பாட். பயந்து ஓடுமளவு பெரிய தொகை அல்ல. கணக்கில் எழுதாமல் விடக்கூடிய தொகையும் அல்ல. ஓய்வூதியம் தரும் நாடும் வரி பிடித்தால் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். இந்தியாவோடு உள்ள ஒப்பந்தத்தின்படி இந்திய அரசு ஊழியரின் ஓய்வூதியத்துக்குப் பொதுவாக இந்தியாவில்தான் வரி. எல்டிஆர் விசாவின் ஓய்வுபெற்றோர் பிரிவுக்கு வெளிநாட்டு வருமானத்தில் வரிவிலக்கு உண்டு. கணக்குத் தாக்கல் செய்யும் கெடு மறு ஆண்டு மார்ச் 31.

வீடு: நிலம் வெளிநாட்டவருக்கு இல்லை

வெளிநாட்டவர் பொதுவாக நிலம் வாங்க முடியாது. காண்டோ அடுக்ககத்தில் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம்; அந்த ஒதுக்கீட்டில் இடம் இருக்கிறது என்று கட்டட நிர்வாகத்தின் கடிதம் வாங்கிய பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். பணம் வெளிநாட்டு நாணயமாக உள்ளே வந்து தாய்லாந்து வங்கியில் பாட்டாக மாற வேண்டும். அதற்கான வங்கிச் சான்று இல்லாவிட்டால் நில அலுவலகம் பெயர் மாற்றாது; பிற்காலத்தில் விற்ற பணத்தை வெளியே கொண்டுபோகவும் அதே தாள் வேண்டும்.

குத்தகை 30 ஆண்டு வரைதான். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும். ‘30 கூட்டல் 30 கூட்டல் 30’ என்று விற்பவர்கள் சொல்வதில் முதல் 30 மட்டுமே பதிவான உரிமை. மீதி வாக்குறுதி, நிலத்தை வாங்கும் அடுத்த சொந்தக்காரரைக் கட்டாது. உள்ளூர்க்காரர்களைப் பெயருக்குப் பங்குதாரர்களாக்கி நிறுவனம் தொடங்கி நிலம் வாங்குவது சட்டவிரோதம். அதைச் செய்து தருவதாகச் சொல்லும் ஆளிடமிருந்து அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த ஓராண்டு அனுமதியோடு பொருந்துவது வாடகை வீடுதான். புகை வந்தாலும் வெள்ளம் வந்தாலும் மாறிக்கொள்ளலாம். வழக்கமாக இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை முதலில். மின்கட்டணத்தை வீட்டுக்காரர் தம் விருப்பப்படி ஏற்றி வாங்குகிறாரா என்று யூனிட் விலையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏசி ஓடும் மாதங்களில் வித்தியாசம் தெரியும்.

வைத்தியம்: யார் பணம் கட்டுவார், யார் கையெழுத்திடுவார்?

பாங்காக்கின் பெரிய தனியார் மருத்துவமனைகளின் தரத்தில் குறையில்லை. அவை சேர்க்கும்போது காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதத்தையோ முன்பணத்தையோ கேட்கும். அரசு மருத்துவமனைகள் மலிவு, ஆனால் வெளிநாட்டவரும் பணம் கட்ட வேண்டும், காத்திருப்பு நீளம், தாய்லாந்து மொழி மட்டுமே என்ற நிலையும் உண்டு.

காப்பீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. புதிதாகச் சேரும் வயது வரம்பு எது, எத்தனை வயது வரை புதுப்பிப்பார்கள்? பல நிறுவனங்கள் 65, 70 வயதுக்கு மேல் புதியவர்களை ஏற்பதில்லை. 62 வயதில் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டவருக்கு 71இல் கதவு மூடியிருக்கும்.

2. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் எவையெல்லாம் விலக்கப்படும்? ‘இதய நோய் விலக்கு’ என்று ஒரு வரி இருந்தால் அந்தக் காப்பீட்டில் முக்கால்வாசி போய்விட்டது.

3. மோட்டார் சைக்கிள் விபத்து அடங்குமா? அதற்குரிய உரிமம் இல்லாமல் ஓட்டியவரின் கோரிக்கையை நிறுவனங்கள் மறுக்கும். கார் உரிமம் போதாது.

4. தாய்லாந்திலிருந்து சொந்த நாட்டுக்கு மருத்துவ உதவியோடு கொண்டுபோகும் செலவு அடங்குமா?

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இங்கே செல்லாது. பிரிட்டனின் தேசியச் சுகாதார சேவை, அங்கே வழக்கமாகக் குடியிருப்போருக்கானது. எத்தனை ஆண்டு வரி கட்டினீர்கள் என்று அது பார்ப்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாண மருத்துவ அட்டைக்கு எந்த 12 மாதத்திலும் 153 நாள் அங்கே இருக்க வேண்டும்.

தினசரி மாத்திரைகளின் வேதிப்பெயரை எழுதிக் கொண்டுபோனால் மருந்துக்கடையில் பெரும்பாலும் கிடைக்கும். மார்ஃபின், கோடீன் கலந்த வலி மாத்திரைகளும் சில தூக்க மாத்திரைகளும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. மருத்துவர் சீட்டும், சிலவற்றுக்கு முன் அனுமதியும் இல்லாமல் பையில் வைக்காதீர்கள். அவசர ஊர்திக்கு 1669.

பாங்காக்கின் சீலோம் சாலை மாரியம்மன் கோயிலில் தமிழ் கேட்கும், பிரசாதம் கிடைக்கும், மனம் நிறையும். ஆனால் நள்ளிரவில் அறுவை சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்துப் போட, தாய்லாந்து மொழியில் மருத்துவரிடம் பேச, குறிப்பிட்ட ஒரு மனிதர் வேண்டும். அந்தப் பெயரும் தொலைபேசி எண்ணும் தாய்லாந்து எழுத்தில் எழுதிய அட்டை பணப்பையில் இருக்கட்டும். உயிரைச் செயற்கையாக நீட்ட வேண்டாம் என்று முன்கூட்டி எழுதி வைக்கும் உரிமையைத் தாய்லாந்தின் 2007ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவு தருகிறது.

எந்த ஊர், எந்த மாதம்

சியாங் மாயைக் குளிர்காலத்தில் பார்த்து மயங்கி வீடு எடுப்பவர்கள், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல்களும் காடுகளும் எரியும் புகையை அறிவதில்லை. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு அந்த ஊர் அந்த மாதங்களில் ஆகாது. புக்கெட்டில் மழை மே முதல் அக்டோபர் வரை. எதிர்க்கரையில் உள்ள சாமுய் தீவுக்குப் பெருமழை அக்டோபருக்குப் பிறகு. தெற்கே ஹாட் யாய் 2025 நவம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. 2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தில் பாங்காக்கின் உயரக் கட்டடங்கள் ஆடின. 30ஆம் மாடியில் மின்தூக்கி நின்றால் முழங்கால் வலியோடு இறங்க முடியுமா என்பதை அந்த நாள் பலருக்கு உணர்த்தியது. நடக்க முடிகிற தூரத்தில் மருத்துவமனை, ஏழு மாடிக்குள் வீடு, இந்த இரண்டும் கடல் தெரியும் பால்கனியை விட முக்கியம்.

உயில்

இறந்தவரின் கணக்கை வங்கி முடக்கும். நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி வந்த பிறகே அது திறக்கும். தாய்லாந்துச் சொத்துக்கு மட்டும் தனியாக ஓர் உயில், தாய்லாந்து மொழியிலும் உங்களுக்குத் தெரிந்த மொழியிலும், இரண்டு சாட்சிகளோடு எழுதிவிட வேண்டும். சொத்து பெறுகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது. ஊரில் பிறகு எழுதும் உயிலில் ‘முந்தைய உயில்கள் அனைத்தும் ரத்து’ என்ற வழக்கமான வரி இருந்தால் அது இதையும் அடித்துவிடும். தாய்லாந்துச் சொத்து நீங்கலாக என்று சேர்க்கச் சொல்லுங்கள். காண்டோ வாரிசாக வரும் வெளிநாட்டுப் பிள்ளை, சட்டம் கேட்கும் தகுதி இல்லாதவராக இருந்தால் ஓராண்டுக்குள் அதை விற்க வேண்டிவரும்.

ஒத்திகை

1. சுற்றுலா அனுமதியில் போய், தங்க நினைக்கும் ஊரின் மோசமான மாதத்தில் நாலு வாரம் இருந்து பாருங்கள். சியாங் மாய் என்றால் மார்ச்.
2. அந்த நாலு வாரத்தில் ஒரு நாள் மருத்துவமனையில் வெறும் ரத்தப் பரிசோதனைக்காகவாவது போய் வாருங்கள். பதிவு, மொழி, விலை, காத்திருப்பு நான்கும் தெரிந்துவிடும்.
3. காப்பீட்டுக்கு ஊரில் இருந்தபடியே விண்ணப்பித்து, விலக்குப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்.
4. 8 லட்சம், மருத்துவப் பணம், திரும்பி வருவதற்கான பணம் என்று மூன்று கணக்கு. மூன்றாவது சொந்த நாட்டு வங்கியில், விமானச் சீட்டும் ஆறு மாத வாடகையும் அடங்கும் அளவில்.
5. ஊர் வீட்டை விற்க வேண்டாம், வாடகைக்கு விடுங்கள். முதல் நீட்டிப்பு கிடைத்து, ஒரு மழையும் ஒரு வெயிலும் கழிந்து, இரண்டாம் நீட்டிப்பும் பாஸ்போர்ட்டில் விழுந்த பிறகு விற்பதைப் பற்றிப் பேசலாம்.